பேஸ்மென்ட்டில் ஒரு மன்னர்

எங்கள் பேஸ்மென்ட்டுக்குக் குடிவந்தவர் முதல் நாள் வாசல் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். தட்டவில்லை, மணியை அழுத்தவில்லை. கையில் ஒரு சிறிய பெட்டியோடு சும்மா நின்றார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த என் மனைவி, "ஏனுங்க, வாசல்ல ஒருத்தரு ரொம்ப நேரமா நிக்கறாருங்க" என்றாள். நான் குடும்பத் தலைவன் என்ற பொறுப்போடு திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தேன்.

"வேதப் புத்தகம் குடுக்க வந்திருப்பாங்க. அசையாம இரு, போயிடுவாங்க."

அவர் போகவில்லை. கடைசியில் கதவைத் திறந்தவள் அவள்தான். அவர் தலையை லேசாக அசைத்துவிட்டு உள்ளே வந்தார். கதவை மூடவில்லை. நவம்பர் மாதத்து நியூ ஜெர்சி காற்று அவருடைய பரிவாரம் போல் பின்னாலேயே நுழைந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், பார்சிப்பனியில் நாங்கள் புதிதாக வாங்கியிருந்த டவுன்ஹவுஸ் அது. கோயிலில் பழக்கமான ஒருவர்தான் அவரை அனுப்பியிருந்தார். இலங்கைத் தமிழர், தனி ஆள், அகதியாக வந்து பேப்பரெல்லாம் கிடைத்துவிட்டது, பக்கத்து கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்கில் வேலை, வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது என்று சொல்லியிருந்தார். கடைசியாகச் சொன்னது மட்டும் பொய். அவர் வீட்டில் இருப்பது எனக்கு ஒவ்வொரு நிமிடமும் தெரிந்தது.

ஏறக்குறைய என் வயதுதான், நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர். மரியாதையான மனிதர். ஆனால் எந்தக் காரியத்தையும் பாதிதான் செய்வார். குழாயைத் திறப்பார், மூட மாட்டார். சாப்பிட்டு எழுந்தால் தட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். திமிர் இல்லை, மிச்சப் பாதியைச் செய்ய யாரோ இருக்கிறார்கள் என்று அவர் உடம்பு நம்பியது. நாம் சொன்னால் வெட்கப்பட்டு ஓடிவந்து மூடுவார். அடுத்த முறை மறுபடியும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

என் மனைவி அவரை ஒருநாள் பாத்திரம் வாங்கக் கடைக்கு அழைத்துப் போனாள். வெறும் கையோடு முன்னால் நடந்து, வேண்டியதை விரலால் காட்டிக்கொண்டே போயிருக்கிறார். காட்டியதைப் பின்னால் வருகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்தது என் மனைவி. பில் போடும் வரிசையில் நேராக முன்னால் போய் நின்றாராம்.

"சண்டை வந்துச்சா?" என்றேன், ஆசையோடு.

"இல்லீங்க. எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. தமிழில் எது கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். "ஹி நெவர் லுக்ஸ் பிஹைண்ட் ஹிம், அப்பா" என்றாள். உண்மைதான். நடக்கும்போது அந்த மனிதர் திரும்பிப் பார்த்ததே இல்லை. உட்காரும்போது மட்டும் சுவரில் முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். ஜன்னல் பக்கத்து நாற்காலியை ஒருநாளும் எடுக்க மாட்டார்.

நான் அவருக்கு ரகசியமாக 'மாமன்னர்' என்று பெயர் வைத்தேன். "அப்படிச் சொல்லாதீங்க, ஒரு நாள் வாய் தவறி அவருகிட்டயே சொல்லப் போறீங்க" என்றாள் மனைவி. ஆபீஸில் என் பக்கத்து இருக்கைச் சீனரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் நாட்டின் கடைசிச் சக்கரவர்த்தி சிறையெல்லாம் இருந்து வெளியே வந்து, சாதாரணக் குடிமகனாக ஒரு தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாராம். கதவு மூடவும் செருப்பு மாட்டவும் நடுவயதில்தான் கற்றுக்கொண்டாராம். சொல்லி முடித்துவிட்டு, "உன் ஆள் எந்த நாட்டுக்கு ராஜா?" என்று கேட்டார். நான் பெரிதாகச் சிரித்தேன். வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

பதில் டிசம்பரில் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் வழித்த பனியையெல்லாம் என் கார் நிற்கும் இடத்தில் கொண்டுவந்து குவிப்பார். இரவுச் சாப்பாட்டின்போது அதைப் பற்றி நான் வழக்கம்போல் புலம்பிக்கொண்டிருந்தேன். எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நாளைக்குப் பின்னேரம் அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் விசாரிக்கிறன்."

"விசாரிச்சு?"

"ரெண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுறன்."

நான் கண்ணடித்தேன். "அவன் கேக்கலைன்னா, அண்ணே?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "கேப்பார்" என்றார்.

அவ்வளவுதான். மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. ரசம் ஆறுவதற்கு முன் எனக்குக் கை ஆறிப்போனது. மறுநாள் விடிந்ததும் நானே போய்ப் பக்கத்து வீட்டுக்காரருடைய வாசலையும் சேர்த்து வழித்துக் கொடுத்தேன். அவர் நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டார். அவருடைய உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு.

அந்த வாரம் மாமன்னரை வேலைக்குக் கொண்டுவிடும்போது கேட்டேவிட்டேன். கார்தான் இந்த மாதிரிக் கேள்விக்கு நல்ல இடம். முகத்தைப் பார்க்க வேண்டாம்.

"ஊர்ல என்ன வேலை பாத்தீங்க?"

சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு இயக்கத்தில இருந்தனான். எங்கட பகுதி முழுக்க என்ர பொறுப்பு. சந்தியில இருந்து கடற்கரை வரைக்கும் என்ர சொல்லுத்தான். வேலிச் சண்டை, காணிச் சண்டை, களவு, எல்லாத்துக்கும் என்னட்டத்தான் வருவினம். நான் வந்தால் பஸ்ஸும் நிண்டுதான் போகும்."

"அப்புறம்?"

"ஒரு நாள் விடிய மற்ற இயக்கம் வந்தது. என்ர பெடியள் ஒருத்தரும் மிஞ்சேல்லை. நான் வலைக்குக் கீழ படுத்துப் படகில வந்தனான்."

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், ஏதோ அதுவும் ஓடிவிடும் என்பதுபோல். "தீர்ப்பு சொன்னீங்களே... எந்த மாதிரித் தீர்ப்பு?"

"எல்லா மாதிரியும்" என்றார். இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். "என்ர படம் எங்கயும் வரப்படாது, அண்ணை. இங்கயும் ஆக்கள் இருக்கினம். மற்ற இயக்கத்து ஆக்களும் இருக்கினம், நான் தீர்ப்புச் சொன்ன வீட்டு ஆக்களும் இருக்கினம். ஆரும் அடையாளம் கண்டால் நான் முடிஞ்சன்."

நியூ ஜெர்சியில் நம் வண்டிக்கு நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ள முடியாது. ஆள்தான் போட வேண்டும். அன்று கண்ணாடியில் பார்த்தேன். பஸ்ஸை நிறுத்தியவர் குனிந்து நின்று யாரோ ஒருவருடைய காரின் பெட்ரோல் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு நான் செய்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். முன்வாசல் பூட்டை மாற்றினேன். ஆள் அசைந்தால் எரியும் விளக்கு ஒன்று பொருத்தினேன். அணில் வந்தாலும் அது எரியும்; எரிந்தால் நான் கட்டிலுக்குக் கீழே. "காலி பண்ணச் சொல்லிடலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். "நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள். தைரியமாக பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய், ஹீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்தேன்.

பொங்கல் வந்தது. எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு பள்ளிக்கூட அரங்கை வாடகைக்கு எடுத்து விழா நடத்தும். மேடையில் மைக் பிடித்துக் கடிஜோக் சொல்லி நிகழ்ச்சியை இழுத்துக்கொண்டு போவது என் வேலை. என் மனைவி சமையல் பொறுப்பு. ஆள் பற்றாக்குறை. அவர் தானாகவே, "நானும் வாறன். சமையல் அறைக்குள்ளயே நிக்கிறன். வாய் திறக்க மாட்டன். கதைச்சால்தானே ஊர் தெரியும்" என்றார். ஏன் இந்த ஆபத்து என்று கேட்டேன். "சனத்தின்ர சத்தம் கேட்டுக் கனகாலம்" என்றார்.

வாய் திறக்கவில்லை. நாற்காலி தூக்கினார், வெங்காயம் உரித்தார், மதியம் பந்தியில் சோறு போட ஆள் குறைந்தபோது கரண்டியை வாங்கிக்கொண்டு நின்றார். அவர் போட்ட வரிசையில் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரம்மா இருந்தார். இலங்கைத் தமிழர்; காலையில் கடவுள் வாழ்த்துப் பாடியவர். தட்டை நீட்டியவர், சோறு விழுந்த பிறகும் நகரவில்லை. பிறகு என்னைத் தேடி வந்தார்.

"சோறு போடுறவர் எவ்விடத்து ஆள்?"

"தஞ்சாவூர் பக்கம்" என்றேன். கேட்காமலேயே, "பேச்சு வராது, பாவம்" என்றும் சேர்த்தேன். பொய் சொல்லப் பழகாதவன் எப்போதும் ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடுவான்.

அவர் தலையாட்டினார். போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அதன்பின் மேடையைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பனி கொட்டியதால் சிறப்பு விருந்தினரின் விமானம் வேறு ஊரில் நின்றுவிட்டது. சங்கச் செயலாளர் வியர்த்துப்போய் மேடைக்கு ஏறி வந்து என் காதில் சொன்னார்: "சார், பொன்னாடை ஒண்ணு மிஞ்சிப்போச்சு. இந்தியாலேர்ந்து வரவழைச்சது. யாருக்காச்சும் போர்த்தணும்."

"உங்களுக்கே போர்த்திக்குங்க."

"விளையாடாதீங்க சார். உங்க வீட்டுல குடியிருக்காரே, காலைலேர்ந்து நாய் மாதிரி உழைக்கிறாரு. அவருக்குப் போர்த்திடலாம். கூப்பிடுங்க."

"அவரு போயிட்டாரு."

"அங்க நிக்கறாரு பாருங்க!"

வீடியோ அங்கிள் கேமராவைச் சரி செய்துகொண்டிருந்தார். அவர் எடுக்கும் டேப் இலங்கைத் தமிழர்கள் நிறைந்த டொராண்டோ வரைக்கும் பிரதி போகும். நான் ஒரு ஜோக் சொன்னேன். இன்னொன்று சொன்னேன். பிறகு சொன்ன ஜோக்கையே மறுபடியும் சொன்னேன். கூட்டம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. செயலாளர் பொறுமை இழந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"நமக்கெல்லாம் சோறு போட்ட அந்த நல்ல உள்ளத்துக்கு ஒரு பொன்னாடை! பலத்த கைதட்டல் குடுங்க!"

கைதட்டினார்கள். அவர் பின்வாசல் வழியாக ஓடிவிடுவார் என்று நான் நினைத்தேன். வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். சமையலறைக் கதவு அவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. ஆனால் கைதட்டல் அவரை எங்கேயோ தொட்டுவிட்டது. ஏப்ரனைக் கழற்றினார். நடு வழியாக, திரும்பிப் பார்க்காமல், மேடைக்கு வந்தார்.

பொன்னாடை போர்த்தும்போது நம்மவர்கள் நெளிவார்கள், சிரிப்பார்கள், சால்வை ஒரு பக்கம் வழியும். இவர் நெளியவில்லை. கழுத்தை எவ்வளவு தாழ்த்த வேண்டுமோ அவ்வளவு தாழ்த்தினார். தோளை எவ்வளவு விரிக்க வேண்டுமோ அவ்வளவு விரித்தார். பிறகு கைதட்டலை நிறுத்தச் சொல்லி வலது கையை லேசாக உயர்த்தினார்.

அரங்கம் அடங்கியது. குழந்தைகள்கூட. எனக்கு அதுவரை சங்கக் கூட்டத்தில் அப்படி ஒரு அமைதி வாய்த்ததில்லை.

மூன்றாவது வரிசையில் டாக்டரம்மா எழுந்து நின்றார்.

விழா முடிந்து, சமையலறையில் மாமன்னர் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த டாக்டரம்மா வந்தார். சால்வை ஒரு ஆணியில் தொங்கியது. நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். "மேடம், இவரு தஞ்சாவூரு, பேச்சு..."

"நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்றார் என்னைப் பார்க்காமல். அவரிடம் கேட்டார்: "என்ர அண்ணாவை எங்க புதைச்சனீங்கள்?"

அவர் தண்ணீரை நிறுத்தினார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஊமை என்று நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே உருப்படியானது அதுதான். திறக்காதய்யா, திறக்காதே என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால" என்றார் அவர். "கிணத்தடியில, மதிலுக்கும் பூவரசுக்கும் நடுவில."

"அவன் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை."

"ஓம். பிறகுதான் தெரிஞ்சது."

அந்த அம்மா அழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா டொராண்டோவில இருக்கிறா. அவன் எங்கயோ உயிரோட இருக்கிறான் எண்டுதான் இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறா. கூட்டிக்கொண்டு வருவன். நீங்கள்தான் அவவுக்குச் சொல்லோணும். எங்க இருக்கிறீங்கள்?"

"இவற்ற வீட்டில" என்று என்னைக் காட்டினார். "பார்சிப்பனியில."

என் விலாசத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ஹைவேயில் எந்த எக்ஸிட்டில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் சொன்னேன். எந்த நிலைமையிலும் விருந்தோம்பல் விடவில்லை.

பிறகு காத்திருந்தோம். வேறு மாநிலத்துக்குப் போய்விடுங்கள், என் நண்பன் டெக்சாஸில் இருக்கிறான், பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று அவரிடம் கெஞ்சினேன்.

"பயப்பிடுறியளோ?" என்றார்.

"சேச்சே."

"எனக்குப் பயமாக்கிடக்கு" என்றார். ஆனால் போகவில்லை.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை காலை, கனடாவின் ஒன்டாரியோ நம்பர் பலகை மாட்டிய பச்சை நிற கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. டாக்டரம்மாவும் வெள்ளைச் சேலை கட்டிய அவருடைய அம்மாவும் இறங்கினார்கள். முன் இருக்கைகளில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. மகளை அவள் அறைக்கு அனுப்பிவிட்டு, நான் பனி வழிக்கும் மண்வெட்டியோடு ஹாலில் நின்றேன். எதற்கு என்று கேட்காதீர்கள். மனைவி வந்து அதை வாங்கிக் கொண்டுபோய் கராஜில் வைத்தாள்.

வயதான தாய் சோபாவில் உட்கார்ந்தார். மாமன்னர் எதிரில் நின்றார், முதுகைக் கதவுக்குக் காட்டி. எங்கே, எப்போது, யாருடைய சொல்லால் என்று எல்லாவற்றையும் சொன்னார். "என்ர சொல்லுத்தான்" என்று முடித்தார்.

அந்தத் தாய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கடைசியில என்ன கேட்டவன்?"

"தண்ணி கேட்டவர்."

"குடுத்தனீங்களோ?"

பொய் சொல்லுங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். ஒரு சொல்தானே.

"இல்லை, அம்மா."

அந்தத் தாய் எழுந்தார். சபிக்கவில்லை, அடிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே போனார். மனைவி போட்டு வைத்திருந்த காப்பியை யாரும் தொடவில்லை. கார் உடனே கிளம்பவில்லை. ஓட்டுகிறவன் கண்ணாடியை இறக்கி, எங்கள் வீட்டு எண்ணையும், அவரையும், பிறகு என்னையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் போனது.

கேஸ் ஸ்டேஷன் முதலாளி நல்ல மனிதர். அவரை உள்ளே கண்ணாடிக்குப் பின்னால், கல்லாவில் உட்காரச் சொன்னார். இவர் மறுத்துவிட்டு, சாலையை ஒட்டிய பம்ப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. "ஏன்யா, சாகணும்னு ஆசையா?" என்றேன். முதல் முறையாக அவரை நான் மரியாதை இல்லாமல் பேசினேன்.

"ஆசை இல்லை. ஆனால் நான் எங்க நிக்கிறன் எண்டு அவையளுக்குத் தெரியோணும்" என்றார். "இவ்வளவு நாளும் ஒளிச்சிருந்தாச்சு."

நான் வேறு கேஸ் ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தேன். மனைவி மட்டும் அவரிடமே போனாள். ஒரு சனிக்கிழமை பெட்ரோல் முள் சிவப்பைத் தாண்டிப் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அங்கே திருப்பினேன். எதிர்ப்புறக் கடை வாசலில் பச்சை கார் நின்றிருந்தது. உள்ளே இரண்டு தலைகள்.

"ஃபுல்லோ?" என்றார் அவர்.

"ஃபுல்" என்றேன், பழக்க தோஷத்தில். ஒரு டாங்க் நிரம்ப அவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவர் அந்தப் பச்சை காரைப் பார்த்தபடியே நின்று பெட்ரோல் போட்டார். மூடியைத் திருகிவிட்டுக் குனிந்தார்.

"அண்ணை, பின்பக்கத்தால போங்கோ. றோட்டுப் பக்கத்தால போகாதேங்கோ."

வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. சொன்னபடி பின்பக்கமாகவே போனேன்.

அன்று மாலை அவர் வேலை முடிந்து வந்தார். மறுநாளும் வந்தார். அந்த கார் சில சனிக்கிழமைகளில் வரும், சிலவற்றில் வராது; எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவர் எங்களோடு மேலும் இரண்டு குளிர்காலம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுப்பார், காய்ச்சல் என்றால் திங்கட்கிழமை எடுப்பார். சனிக்கிழமை மட்டும் ஒருநாளும் லீவு கேட்டதில்லை.